மேல் இடது கோரைப்பல்

டக். ஒரு இடைவெளி. மறுபடியும் டக். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, நாலாய் மடித்த ஈரத்துண்டின் இருட்டு மட்டும்தான்; பகலில் தூங்குகிறவன் தனக்கு வேண்டிய இருட்டைத் தானே நனைத்துப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. டக். மின்விசிறி இல்லை, அது கிறீச்சிடும். பல்லி இல்லை. பக்கத்து வீட்டுக் குழாயடிக் குடம் இல்லை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் என் மனைவி தவமணி உட்கார்ந்து சாப்பிடுகிறாள், சேலைக்கடைக்கு இன்றைக்கு லீவு. அவள் இடது காதுக்கு ஒரு விரற்கடை முன்னால் தாடைக் குமிழ் தன் மெத்தையிலிருந்து வழுக்கி விழுந்து மறுபடி ஏறி உட்காருகிறது, அதுதான் சத்தம். சாப்பிடுவது தயிர்சாதம். குழையக் குழையப் பிசைந்த தயிர்சாதத்துக்கு எங்கேயாவது சத்தம் வருமா? முறுக்கென்றால் சரி, முறுக்கை அவள் விட்டு மூன்று மாதமாகிறது. வேண்டாம், தூங்கு. ராத்திரி முழுக்க முதுகு வளைத்து உட்கார்ந்தவன், தூங்கு. மணி பன்னிரண்டு இருக்கும். நாலு மணிக்கு டாக்டர் சுகந்தியின் கிளினிக்கில் இருக்க வேண்டும். நாலு மணிக்கு அந்த அம்மா, கெட்டவர் இல்லை, பொறுமையாகப் பேசுகிறவர், தண்ணீர் பீச்சும் மெஷினைக் கையில் எடுத்து தவமணியின் கீழ் இடது கோரைப்பல்லை, பத்து வயதில் முளைத்து இன்றுவரை ஒரு சொத்தை இல்லாத, ஒரு கூச்சம் இல்லாத பல்லை, கொஞ்சம் தேய்த்து மட்டமாக்கப் போகிறார். ஏனென்றால் அது மேல் பல்லில் இடிக்கிறது. மேல் பல் கேப், உடைந்த பல்லுக்கு மேல் மாட்டின பீங்கான் உறை. அந்த கேப்பைச் செய்தவன் நான். டக்.

ஒரு பல் எப்படிய்யா காதோர மூட்டைத் தொடும், ரெண்டுக்கும் நடுவுல நாலு விரக்கடை இருக்கே என்று பெலிக்ஸ் கேட்டார். பெலிக்ஸ் எங்கள் லேபின் முதலாளி. இருபத்தெட்டு வருஷமாகப் பல் செய்து கொடுக்கிற இடத்துக்குச் சொந்தக்காரர், ஒரு நாளும் தன் காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பார்த்ததில்லை. வைத்துப் பார்க்கட்டுமே. யாராக இருந்தாலும் சரி, ரெண்டு ஆள்காட்டி விரலையும் காதுக்கு முன்னால் அழுத்தி வாயைத் திறக்கட்டும். உள்ளே ஒரு குமிழ் முதலில் உருளும், அப்புறம் உருளுவதோடு நிற்காமல் முன்னால் இறங்கி வரும். கீல் இறங்கி வருமா? வராது. தாடை வெறும் கீல் இல்லை. அது ஒரு எலும்புச் சரிவில் வழுக்கி இறங்கி ஏறுகிற குமிழ், குமிழின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சின்ன மெத்தை. அந்தப் பின்சரிவு பிறவியிலேயே வந்தது. முன்னால் இன்னொரு சரிவு இருக்கிறது. மேல் கோரைப்பல்லின் உள்பக்கம்தான் அது. கீழ்த்தாடை பக்கவாட்டில் நகரும்போது கீழ்க் கோரைப்பல் அந்த உள்சரிவைப் பிடித்து வழுக்கிக்கொண்டு போகும், அது போகிற போக்கில் கடைவாய்ப்பற்கள் ஒன்றையொன்று விட்டு விலகிக்கொள்ளும். பின்னால் எலும்பு ஒரு வழி சொல்கிறது, முன்னால் பல் ஒரு வழி சொல்கிறது. ரெண்டும் ஒத்துப்போனால் வாய் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஒத்துப்போகாவிட்டால்? எங்கள் வீட்டு வாசல் கதவு ஐப்பசி மழையில் ஊறிப்போய்த் தரையில் உரசும். உரசுவது முன்முனை, திருகாணி கழன்று வருவது கீலில். அவ்வளவுதான் விஷயம். இதை எனக்கு எந்தக் காலேஜும் சொல்லித்தரவில்லை. இருபத்தைந்து வயதில் பிளாஸ்டர் கலக்க வந்தவன் நான். எவனோ பல் டாக்டருக்குப் படித்தவன் எடைக்குப் போட்ட அட்டையில்லாத இங்கிலீஷ் புத்தகம் ஒன்று, பக்கத்தில் ஒரு அகராதி, ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். படத்தில் அம்புக்குறி போட்ட இடத்தையெல்லாம் என் முகத்திலேயே தடவித் தேடினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஜனங்கள் கடலை மெல்வதைப் பார்த்தேன். மனுஷர்கள் ரெண்டு ஜாதி. சிலர் கத்தரிக்கோல் மாதிரி நேர் மேலே நேர் கீழே. சிலர் ஆட்டுக்கல் மாதிரி, சுற்றிச் சுற்றி. தவமணி ஆட்டுக்கல். கல்யாணமான புதிதில் அவள் மெல்வதையே பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன அப்படிப் பாக்குறீங்க? நீ மெல்றதை. தூ, ஊர்ல புருஷனுங்க எதை எதையோ பாக்குறானுங்க, எனக்குன்னு ஒண்ணு வந்துச்சு பாரு. சிரிப்பாள். சிரிக்கும்போது வலது கோரைப்பல் தெரியும், தேய்ந்து மழுங்கி, ஆட்டுக்கல் அரைத்து அரைத்து மட்டமான பல். எனக்குத் தெரிந்த வாய். பெரம்பலூர் வாய், கரூர் வாய், முகமே பார்க்காமல் டப்பாவில் வெறும் அச்சாகச் சீட்டோடு வருகிற ஆயிரம் வாய்களுக்கு நடுவில் நான் முழுக்கத் தெரிந்துவைத்திருந்த ஒரே வாய். அதில்தான். அதில் போய்.

தூங்கு. இடது பக்கம் திரும்பிப் படு. இடது பக்கம் திரும்பினால் தாடை தலையணையில் அழுந்துகிறது, நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன், நாக்கைப் பல்லுக்கு நடுவில் வை, ம், அப்படி. அவள் பல் உடைந்தது பொரிவிளங்காய் உருண்டையில். ஏற்கெனவே உள்ளே சொத்தையாகிக் கறுத்திருந்த மேல் இடது கோரை, பாதி போய்விட்டது. வேர்சிகிச்சை எல்லாம் டாக்டர் சுகந்திதான் செய்தார். அளவெடுத்து டப்பா லேபுக்கு வந்தது, மற்ற டப்பாக்களோடு. சீட்டில் தவமணி, பெண், நாற்பத்தாறு, கேப் ஒன்று. அன்றைக்கு என் பங்கில் ஒன்பது டப்பா. மற்ற எட்டையும் தள்ளிவிட்டு முதலில் இதை எடுத்தேன், அதுதான் அகம்பாவம், அதைத்தான் சொல்ல வேண்டும். பிளாஸ்டரில் அவள் வலது கோரை அச்சு அசலாக மழுங்கி இருந்தது. அதைப் பார், கண்ணாடியில் திருப்பின மாதிரி இடதையும் செய், முடிந்தது. நேற்று வந்த பையனுக்குக்கூடத் தெரியும். நான் கூராகச் செய்தேன். இருபது வயசுப் பெண்ணுக்குச் செய்கிற மாதிரி. முனையில் வெளிச்சம் புகுந்து வருகிற மாதிரி பீங்கானை மூன்று அடுக்காக வைத்து, கழுத்தில் லேசாகப் பழுப்பு ஏற்றி, அடுப்பிலிருந்து எடுத்தபோது எனக்கே மூச்சு நின்றது. சேலைக்கடையில் நாள் முழுக்க நின்று பேசுகிறவள், பேசுகிறபோது அந்தப் பல் தெரிய வேண்டும், எவன் செய்தான் இதை என்று ஊர் கேட்க வேண்டும். பித்தளைச் சட்டத்தில் மேல் அச்சையும் கீழ் அச்சையும் மாட்டி மூடினேன். மூடவில்லை. கூர்முனைக்குப் பின்னால் உள்பக்கம் கனமாகிவிட்டது, கீழ்ப்பல் இடித்தது. இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும்? பீங்கானைத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் முனை போகும், வெளிச்சம் போகும். நான் கத்தியை எடுத்துப் பிளாஸ்டரில் கீழ்ப்பல்லின் நுனியைச் சுரண்டினேன். எங்கள் தொழிலில் அதற்குப் பெயரே உண்டு, ஒரு சுரண்டல் விடு என்போம். எல்லாரும் விடுவதுதான். பிளாஸ்டரில் சுரண்டினால் சட்டம் மூடிக்கொள்ளும், டப்பாவும் மூடிக்கொள்ளும், சீட்டில் சரி என்று போடலாம். ஆனால் வாயில் இருக்கிற பல்லை யார் சுரண்டினார்கள்? அது அதே உயரத்தில் அங்கேயே காத்துக்கொண்டிருக்கிறது. விடியற்காலை வெளியே டீ வாங்கப் போனேன், விசிலடித்துக்கொண்டு. விசிலடித்தேன் என்பதை மறக்க முடியவில்லை.

டாக்டரம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். நேராகக் கடிக்கச் சொன்னார், பல் இடிக்கிற இடத்தில் கறை விடும் நீலத்தாள் வைத்தார், ஒரு புள்ளி லேசாகத் தட்டியது, தேய்த்தார், சரியாயிற்று. பக்கவாட்டில் தாடையை நகர்த்திக் காட்டச் சொல்லவில்லை. வெளியே பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நேராகக் கடிக்கிற வாய்க்கு எல்லாம் சரிதான். ஆட்டுக்கல் சுற்றப் போகிறது, ஒரு சுவர் எழும்பி நிற்கிறது. இடதுபக்கம் போக முடியாது. போக முடியாத தாடை என்ன செய்யும், பின்னால் ஒதுங்கும், குமிழ் பின்னால் போகும், மெத்தை முன்னால் நழுவும். முதல் வாரம் சொன்னாள். ஏங்க, என்னமோ தட்டுது. நான் தூக்கத்தில், துண்டுக்கு அடியிலிருந்து, பழகிடும். ரெண்டாவது வாரம், மெல்ல வர மாட்டேங்குதுங்க, கடிக்க மட்டும்தான் வருது. பழகிடும். எல்லா டாக்டரும் சொல்கிற வார்த்தை, எல்லா லேபும் சொல்கிற வார்த்தை. செருப்புக் கடித்தால் பழகிடும் என்கிறோம், செருப்பு தோல், கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பீங்கான் எதற்கு விட்டுக்கொடுக்கும்? பழக வேண்டியவள் அவள். பழகினாள். ஆட்டுக்கல் கத்தரிக்கோலாயிற்று. கவளத்தைச் சின்னதாக்கினாள், முறுக்கை விட்டாள், கரும்பு விட்டாள், வாய் சுற்றுவதை விட்டுவிட்டது, நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்க்கத் தெரிந்தவன், பஸ் ஸ்டாண்டில் படித்தவன். ஒரு மாதம் கழித்து டக். போன செவ்வாய்க்கிழமை கடையில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு இருபது சேலை பிரித்துப் போட்டுவிட்டுக் கொட்டாவி விட்டிருக்கிறாள், தாடை அப்படியே பூட்டிக்கொண்டது. ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மேல் திறக்கவில்லை. அதை ராத்திரி நான் வேலைக்குக் கிளம்பும்போது நடித்துக் காட்டினாள். இந்தப் பட்டு எவ்வளவும்மான்னு அவங்க கேக்குறாங்க, நான் ம் ம்ங்கறேன், அவங்க மூவாயிரமான்னு கேக்குறாங்க, ம் ம், நாலாயிரமா, ம் ம், சூப்பர்வைசர் ஓடி வந்து என்ன தவமணி கஸ்டமர்கிட்ட மூஞ்சி காட்டுறியாங்கறான். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதி தூரம் போய் வலியில் நின்றது. கையால் தாவாங்கட்டையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கண்ணால் சிரித்தாள். நான் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். போனேனே.

பல்லுதான் காரணம்னு சொல்ல முடியாதுங்க, என்றார் டாக்டர் சுகந்தி, சனிக்கிழமை. தாடை வலிக்கு ஆயிரம் காரணம் இருக்கு, கவலை, தூக்கம், பல் கடிக்கிறது. சரிதான். நானும் படித்திருக்கிறேன், கோணல் மாணலாகப் பல் இருக்கிற எத்தனையோ பேர் எலும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள், வரிசையாகப் பல் இருக்கிறவர்கள் காதைப் பிடித்துக்கொண்டு அலைகிறார்கள். ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரு சட்டம் நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வாயில், இந்தப் பல் வந்த பிறகு, இந்தப் பக்கம். அது எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, மேல கேப் எவ்வளவு அழகா வந்திருக்கு, இதைத் தொட்டா பீங்கான் பிஞ்சுடும், கீழ்ப்பல் நுனி கொஞ்சம் தூக்கலா இருக்கு, அதை லேசா மட்டம் பண்ணிடலாம், புதன்கிழமை வாங்கம்மா. அழகா வந்திருக்கு. என்னைப் பார்த்து, உங்க லேப்ல யாரு செஞ்சது, கையில விசேஷம் இருக்கு. நான், தெரியலைங்க. எனக்கு அவர் வைத்திருக்கிற பெயர் பிளாஸ்டர் கலக்குறவர். பெலிக்ஸ் அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறார். சர்ட்டிபிகேட் இல்லாதவன் ராத்திரி பீங்கானில் கை வைக்கிறான் என்று தெரிந்தால் டாக்டர்கள் டப்பா அனுப்ப மாட்டார்களாம். நேற்று பெலிக்ஸிடம் கேட்டேன், கேப்பைக் கழட்டி மறுபடி செஞ்சு தரேன் சார், தப்பு நம்ம பக்கம். யோவ் கலியமூர்த்தி, அது உன் பொண்டாட்டி பல்லா இருக்கலாம், போனது நம்ம டப்பாவுல. தப்புன்னு ஒத்துக்கிட்டா அந்தம்மா மத்த டப்பாவையும் திறந்து பாப்பாங்க. கீழ்ப்பல்ல ஒரு தூசு ராவுனா குடியா முழுகிடும்? வாய மூடிக்கிட்டு இரு. வாயை மூடினால்தானே சார் இடிக்கிறது. இதைச் சொல்லவில்லை. படி இறங்கின பிறகு தோன்றியது, என் பதில்களெல்லாம் படி இறங்கின பிறகுதான் வருகின்றன, இருபத்தாறு வருஷப் பதில்கள் அந்தப் படிக்கட்டில்தான் கிடக்கின்றன. சுவரை விட்டுவிட்டுக் காலை வெட்டுகிறார்கள், ஐயா. கீழ்ப்பல்லை எவ்வளவு தேய்த்தாலும் சரிவு செங்குத்தாகத்தான் நிற்கும், மேல்தோலை இழந்த பல் ஐஸ் தண்ணிக்குக் கூசும், கூசினால் அவள் அந்தப் பக்கமே மெல்ல மாட்டாள், தேய்த்தது திரும்ப முளைக்காது. என் பீங்கானை உடைத்துப் போட்டால் நாளைக்கே இன்னொன்று. அவள் பல்லை யார் செய்வது?

சத்தம் நின்றுவிட்டது. தட்டு கழுவுகிறாள். இப்போது தூக்கம் வர வேண்டும், வரவில்லை, சத்தம் நின்றதும் மற்ற சத்தங்கள் வருகின்றன. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை சுரண்டல் விட்டிருப்பேன்? மாதத்துக்கு ரெண்டு? நாலு? கணக்கு வேண்டாம், ஆளைப் பார். பெரம்பலூரில் ஒரு வாத்தியார் கரும்பலகைக்குத் திரும்பிக்கொண்டு தாடையைத் தேய்க்கிறார். கரூரில் ஒரு அம்மா காதுவலி என்று காது டாக்டரிடம் சொட்டு மருந்து வாங்குகிறாள். புதுக்கோட்டையில் ஒருவன் ஒரு பக்கமாகவே மென்று மென்று கன்னம் கோணிப்போயிருக்கிறான், ஏன் என்று அவனுக்குத் தெரியாது, எல்லாரும் பழகிடும் என்று நம்பிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யாரும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடவில்லை. அதனால் எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஈரப் பிளாஸ்டர் உறையும்போது வருமே ஒரு சூடு, பயம் அப்படி ஏறுகிறது. சொன்னால் வேலை போகும். ஐம்பத்தோரு வயதில், காகிதம் இல்லாதவனை, வேறு எந்த லேப் எடுக்கும்? சொல்லாமலிருந்தால் யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. அவள் கடையில் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு உதட்டைத் தூக்கிக் காட்டுகிறாள், எங்க வீட்டுக்காரர் செஞ்ச பல்லு. செல்வராணி என்று ஒருத்தி, எதையும் மெச்சாதவளாம், அவளே தொட்டுப் பார்த்தாளாம். அதையும் அல்லவா பிடுங்க வேண்டும். பிடுங்கு. ஏன் பிடுங்கக் கூடாது? காகிதம் இல்லாதவன் என்று சொல்லட்டும், அந்தக் காகிதம் இருக்கிற எவனாவது அவள் மெல்வதை இருபத்துமூன்று வருஷம் உட்கார்ந்து பார்த்தானா? தப்பு செய்யத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தொழில் தெரியும். எந்த இடத்தில், எந்தக் கத்தியால், எவ்வளவு என்று சொல்லத் தெரியும். தெரியலைங்க என்று சொன்னேனே சனிக்கிழமை, அதுதான் என் வாயிலிருந்து வந்த ஒரே பொய்ப் பல். பிளாஸ்டர் கலக்குகிறவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டர் கலக்குகிறவன் சொல்கிறான், கீழ்ப்பல்லைத் தொடாதீர்கள். துண்டு காய்ந்துவிட்டது. எடுத்துவிட்டேன். வெளிச்சம் அறைந்தது.

தவமணி திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கீரைக் கொத்து தலையணை அளவுக்கு இருந்தது.

"ஏங்க, தூங்கலையா? மூணு மணி வரைக்கும் படுங்க, நான் எழுப்புறேன்."

"தவமணி, இன்னிக்கு கீழ்ப்பல்ல தேய்க்க விடாத."

"டாக்டரம்மாதான லேசா ராவிடறேன்னாங்க. வலிக்காதாம்."

"வலிக்காது. ஆனா அந்தப் பல்லு மேல ஒரு தப்பும் இல்ல. மேல்பல்லுதான் தப்பு. நான் செஞ்சது தப்பு."

அவள் கையில் இருந்த ஈர்க்கு பாதி உருவினபடி நின்றது. நான் தரையில் உட்கார்ந்தேன். வலது பல்லைப் பார்த்துச் செய்யாததைச் சொன்னேன், கூர்முனையைச் சொன்னேன், கத்தியைச் சொன்னேன். புத்தகத்தில் படித்த ஒரு வார்த்தையும் வரவில்லை, நம்ம வாசக்கதவு தரையில் உரசுது இல்ல, அது மாதிரி, என்றேன். அவள் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என் லேப் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டு நீலத்தாளை எடுத்து வந்தேன். வாயைத் திற என்றேன். திறந்தாள், ரெண்டு விரல் அளவு. இடது பக்கம் தாளை வைத்து, கடி, அப்படியே இடது பக்கமாத் தள்ளு, என்றேன். தள்ளினாள். தள்ள முடியாமல் நெற்றி சுருங்கியது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். கேப்பின் உள்பக்கம், உச்சியிலிருந்து கழுத்து வரைக்கும், ஒரே நீலக் கோடு, தீக்குச்சி கிழித்த மாதிரி. சாய்வாக வழுக்கின தடம் இல்லை, செங்குத்தாக உரசின தடம். அத்தனை பாரமும் இந்த ஒரு பல் மேல். இப்ப மெதுவா மெல்ற மாதிரி பண்ணு என்று அவள் காதுகளுக்கு முன்னால் ரெண்டு விரலையும் வைத்தேன். இருபத்தாறு வருஷத்தில் நான் தொட்டதெல்லாம் பிளாஸ்டர், குளிர்ந்த, பேசாத பிளாஸ்டர். வலது விரலுக்கு அடியில் குமிழ் எண்ணெயில் போகிற மாதிரிப் போயிற்று. இடது விரலுக்கு அடியில் தயங்கியது, தயங்கி, குதித்தது. தோலுக்கு அடியில் அகப்பட்ட குஞ்சு மாதிரி. நான் கையை எடுக்கவில்லை.

"மூணு மாசம்," என்றாள் தவமணி. என் கையைத் தட்டிவிட்டாள். "மூணு மாசமா பழகிடும் பழகிடும்னீங்களே. நான் என் வாயத் திட்டிக்கிட்டு இருந்தேன். நல்லதா ஒண்ணு வந்தா இந்த வாய்க்கு ஒத்துக்காது போலன்னு."

"வாய் சரியாத்தான் இருந்துச்சு."

"அத இன்னிக்கு சொல்றீங்க."

"ஆமா. இன்னிக்குத்தான் சொல்றேன்."

"கடையில ஒருத்தி விடாம கூப்பிட்டு ஈன்னு காட்டியிருக்கேன். செல்வராணிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்? என் புருஷன் செஞ்ச பல்லு என் தாவாங்கட்டைய உடைச்சிருச்சுன்னா?"

"அப்படியே சொல்லு."

"உங்களுக்கென்ன, அவ சிரிக்கப்போறது என்னைப் பாத்து." கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கீரைக் கையோடு. கன்னத்தில் ஒரு இலை ஒட்டிக்கொண்டது. நான் எடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையைத் திருப்பினாள். வெளியே உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கமிருந்து ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

"நாலு மணிக்கு நானும் உள்ள வரேன்," என்றேன். "கேப்பை உடைச்சு எடுத்துடுங்க, கீழ்ப்பல்லத் தொடாதீங்க, இத செஞ்சது நான்தான்னு சொல்லப்போறேன்."

"உங்கள பிளாஸ்டர் கலக்குறவர்னு நெனைச்சுக்கிட்டு இருக்காங்க."

"அதையும் சொல்லுவேன். மத்த டப்பாவையும் பாக்கணும்னா பாக்கட்டும். என்கிட்ட கேட்டா எதுஎதுன்னு நானே எடுத்துத் தருவேன், ஞாபகம் இருக்கிற வரைக்கும்."

"பெலிக்ஸ் சார் சும்மா விடுவாரா?"

"விட மாட்டார்."

"வேலை போச்சுன்னா?"

போனால் போகட்டும் என்று நாக்கு வரைக்கும் வந்தது. படிக்கட்டில் கிடக்கிற பதில்களில் அதுவும் ஒன்று, எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தது. வெளியே வரவில்லை.

"பயமாத்தான் இருக்கு," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். சேலையின் கரையில் இழை விட்டிருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"பயந்துக்கிட்டே சொல்லுங்க. யார் வேணாங்கறா?" என்றாள். "என் பல்லு எனக்கு வேணும். அவ்வளவுதான். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன், என் வாய் பூட்டுறதுக்குள்ள."

"நான் சொல்றேன்."

"சொல்லிட்டு, டாக்டரம்மா ஒத்துக்கிட்டு, மறுபடி நீங்களே செய்யற மாதிரி வந்துச்சுன்னா, இந்தத் தடவை அழகா வேணாம். கேட்டுச்சா? வெளிச்சம் கிளிச்சம் ஒண்ணும் வேணாம். எனக்கு மெல்லணும்."

"வலது பல்லைப் பாத்து மழுங்கலாச் செய்யறேன். செல்வராணிக்குப் பிடிக்காது."

"அவளுக்கு எதுதான் பிடிச்சுது?"

சிரிக்கவில்லை. ஆனால் குரலில் இருந்த முடிச்சு கொஞ்சம் இளகியிருந்தது. நான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்றேகால். படுக்கலாம், இனி தூக்கம் வராது. அவள் முறத்தை மடியில் சரித்துக்கொண்டு கொத்திலிருந்து ஒரு கிளையை ஒடித்து என் பக்கம் போட்டாள்.

"சும்மா உக்காந்திருந்தா? பழுத்த இலைய தள்ளிடுங்க. ஈர்க்கு சேராம உருவுங்க, தொண்டையில மாட்டும்."

நான் கிளையின் நுனியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து கீழாக உருவினேன். இலைகள் முறத்தில் உதிர்ந்தன. அவள் அடுத்த கிளையை எடுத்தாள்.